பொத்தான்களுக்குப் பெயர் வைத்தவன்

11.9.2006, திங்கள்

பல் செட்டில் இரண்டு மேல் செட், ஒரு கீழ் செட் முடித்தேன். வத்தலக்குண்டுப் பெரியவருக்கு இது மூன்றாவது. முதல் பல் செட்டை ஆட்டுக்கால் எலும்பில் உடைத்தார். இரண்டாவதைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தும்மியதில் தொலைத்தார். இதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பார். ஆண்டவர் பல்லைக் கொடுத்துப் பிடுங்குகிறார், அவர் பிடுங்கிய இடத்தில் நான் கொடுக்கிறேன். எங்கள் இருவருக்குள்ளும் இதுவரை தகராறு இல்லை.

சாயங்காலம் மீரான் வந்தான். தூத்துக்குடியிலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவன். வாரம் ஒருமுறை என் தொட்டிக்கு இரண்டு கேன் கடல் தண்ணீர் அவன் புண்ணியத்தில் வருகிறது. இன்று தண்ணீரோடு ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு கற்களையும் இறக்கினான். ஒன்று இளநீர்க் காய் அளவு. இன்னொன்று சிகரம் சிகரமாக ஒரு குட்டி மலை.

"வலையில மாட்டுனது அண்ணே. கல்லு பூராம் சட்டைப் பொத்தான் தச்ச மாதிரி இருக்கு. தூரப் போட மனசு வரல. ஒங்களுக்கு ஆகுமா பாருங்க."

பட்டறையின் முன்னறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. இரண்டு கோமாளி மீன், சங்குக்குள் குடியிருக்கும் ஒரு நண்டு, அவ்வளவுதான் என் சமுத்திரம். அடியில் மணல் போடவில்லை, அழுக்குத் தங்கும். கடலைப் பார்க்கப் பாதி நாள் பஸ்ஸில் போக வேண்டிய திண்டுக்கல்லில் இப்படி ஒன்று வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். ஆனந்தமேரியும் அப்படித்தான் நினைக்கிறாள், ஆனால் அதில் பெருமை இல்லை.

"குடிக்கிற தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது. இவருக்கு உப்புத்தண்ணி வண்டி வச்சு வருது." மீரானிடம்தான் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன்.

12.9.2006

திறந்துவிட்டன!

நேற்றுச் சளிக் கட்டி போல மூடிக் கிடந்தவை விளக்குப் போட்டதும் ஒவ்வொன்றாக விரிந்தன. காப்பிக்கொட்டை நிறத்தில் வட்டத் தட்டு, நடுவில் பச்சை வளையம், ஓரத்தில் குஞ்சம் போலக் கைகள். நட்டநடுவில் கீறல் மாதிரி ஒரு வாய். அடியில் எல்லாம் ஒரே தோலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கூட்டுக் குடும்பம். எண்ணினேன். இரண்டு கல்லிலும் சேர்த்து இருநூற்றுப் பதினேழு வாய்.

இருபது வருடமாகப் பல் இல்லாத வாய்களைப் பார்த்துப் பிழைப்பவன் நான். இத்தனை வாய்கள் ஒரே இடத்தில் இருந்தும் ஒன்றுகூட "கடிச்சா வலிக்குது" என்று சொல்லாதது இதுதான் முதல் தடவை.

இவற்றுக்குப் பெயர் என்ன?

14.9.2006

ஆனந்தமேரியின் தம்பி ஜெரோம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாண கேமராவோடு வந்து எடுத்துத் தந்தான்.

"மச்சான், எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. செத்த சிரிக்கச் சொல்லுங்க."

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உலகம் முழுவதும் இப்படித் தொட்டி வைத்திருக்கும் பைத்தியங்கள் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தில் படத்தை ஏற்றினேன். என் இங்கிலீஷுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். என் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

16.9.2006

நான்கு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். மூன்று பெயர்.

வடிகட்டிப் பார்த்தால் இரண்டு குலம். ஒன்று சோவாந்தஸ், இன்னொன்று பாலித்தோவா. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சோவாந்தஸ் பெரும்பாலும் சாது. பாலித்தோவாவில் சிலது உடம்பில் விஷம் வைத்திருக்கும், சாதாரண விஷமும் இல்லை. நான்காவது ஆள் மட்டும் "படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தான். இதைச் சொல்ல எதற்கு ஒரு ஆள்?

என் கணக்கில் இது சோவாந்தஸ். பச்சை வளையம் அவ்வளவு அழகாக இருக்கிறது.

24.9.2006, ஞாயிறு

பூசையில் சாமியார் பிரசங்கத்தில் ஆதாம் எல்லா விலங்குக்கும் பெயர் வைத்த கதையைச் சொன்னார். ஆதாமுக்கு என்ன, எதைச் சொன்னாலும் அதுதான் பெயர். மறுத்துப் பேச ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு முந்திய காலம்.

3.10.2006

இன்று எனக்கு நேர்ந்த அவமானத்தை எழுதி வைக்கிறேன்.

சின்னாளபட்டியிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவின் பல் செட்டைச் சரி செய்ய வந்தார். பெயர் அறிவுச்செல்வி. ஏதோ கல்லூரியில் விலங்கியல் லெக்சரர். முப்பது வயதுகூட இருக்காது. செட்டைக் கொடுத்த கையோடு தொட்டியிடம் போய்க் குனிந்து நின்றார். நானும் பெருமையாகப் பக்கத்தில் போய், "சோவாந்தஸ்" என்றேன், சொந்தப் பிள்ளையை அறிமுகம் செய்கிற மாதிரி.

"அப்படியா சார்? எனக்கு பாலித்தோவா மாதிரி தெரியுது."

ஆனந்தமேரி டீ கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு நாடகம் பார்க்கக் கிடைத்தது.

"எத வச்சு சொல்றீங்க டீச்சர்?"

"பருமனா இருக்கு, சளி ஜாஸ்தி விடுது. நிச்சயமா சொல்லணும்னா மூணு விஷயம் பாருங்க சார். இரை போட்டா பாலித்தோவா நல்லா திங்கும், சோவாந்தஸ் அநேகமா தொடாது. அடுத்தது அந்தச் சளி. மூணாவதுதான் முக்கியம். பாலித்தோவா கடல்ல கெடக்குற மணல எடுத்துத் தன் சதைக்குள்ளயே பொதைச்சுக்கும். ஒண்ண வெட்டிப் பாத்தா பிளேடுல நறநறங்கும். அதுவரைக்கும் கிளவுஸ் இல்லாம தொடாதீங்க."

போன பிறகு ஆனந்தமேரி கேட்டாள், "அந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

"எம்.எஸ்சி., எம்.ஃபில்."

"நீங்க?"

தெரிந்துகொண்டே கேட்கிறாள்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். இந்த ஜில்லாவில் ஆயிரம் பேர் நான் செய்த பல்லால் மெல்லுகிறார்கள். ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. அது டாக்டர் கட்டிய பல். சரியாக இருந்தால் டாக்டர் கைராசி, உறுத்தினால் பல் மெக்கானிக் சூசைராஜ், அதாவது நான். ஒரே ஒரு விஷயத்திலாவது நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் எனக்கு. அது ஒரு பொத்தானாக இருந்தாலும் போதும்.

7.10.2006

முதல் பரிசோதனை. இறால் துண்டு போட்டேன்.

தின்றுவிட்டன. சும்மா இல்லை, தட்டை மடக்கி, பொட்டலம் கட்டுகிற மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டன.

இதில் என்ன நிரூபணம் இருக்கிறது? இறாலை யார் வேண்டாம் என்பார்கள்? நான் தின்னமாட்டேனா?

8.10.2006

இரண்டாவது, சளி. கையுறை போட்டுத் தொட்டேன். கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. தண்ணீர் மாறியதால் சளி பிடித்திருக்கலாம். ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கிடையில் சிக்குன்குனியா. எங்கள் மரியநாதபுரத்தில் தெருவுக்கு நாலு பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிழவர்கள் மாதிரி நடக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் கொசுவுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தியாகிறது.

21.10.2006

தீபாவளி. பக்கத்து வீட்டு அதிரசம் வந்தது. வெடிச் சத்தத்தில் நண்டு சங்கை விட்டு வெளியே வரவே இல்லை.

28.10.2006, சனி

வென்றேன்.

மூன்றாவது பரிசோதனையை இன்று முடித்தேன். மூன்று வாரம் தள்ளிப் போட்டதற்குக் காரணம், வெட்ட மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் நன்றாகச் செழித்திருக்கிறது. பெரியதைத் தொட்டால் கல்லில் வழுக்கை விழுந்துவிடும். கடைசியில் சின்னக் கல்லின் ஓரத்தில் புதிதாக முளைத்த ஒரு குட்டிப் பொத்தானைப் பிடித்துக் கிள்ளி எடுத்தேன். அச்சுப் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெழுகு செதுக்கும் கத்தியால் குறுக்காக வெட்டினேன்.

வெண்ணெய் மாதிரி இறங்கியது. நறநறப்பு கிடையாது. ஒரு மணல்கூட இல்லை. மறுபடி வெட்டினேன், மறுபடி வெண்ணெய்.

பல் செட்டுக்குள் பெயர் பதிக்கும் அக்ரிலிக்கில் "சோவாந்தஸ்" என்று பொறித்துத் தொட்டியின் மேல் ஒட்டினேன். ஆனந்தமேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரி, சாப்பிட வாங்க," என்றாள். விஞ்ஞானத்துக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

30.10.2006

டீச்சர் செட்டை வாங்க வந்தார். சொன்னேன். "சந்தோஷம் சார். எத்தனை வெட்டிப் பாத்தீங்க?" என்று கேட்டார். "பாத்தாச்சு" என்றேன்.

10.12.2006, ஞாயிறு

எங்கள் பங்குக் கோவிலில் வீட்டுக் குடில் போட்டி இந்த வருடமும் உண்டு. குழந்தை இயேசு பிறந்த தொழுவத்தை யார் வீட்டில் நன்றாக அமைத்திருக்கிறார்கள் என்று இளைஞர் சபை வந்து மார்க் போடும். போன வருடம் நாங்கள் இரண்டாவது. முதல் பரிசு அடுத்த தெரு பால்காரர் வீட்டுக்குப் போனது. அவர் நிஜக் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார். எங்கள் மலை சாக்குத் துணியில் சுண்ணாம்பு அடித்தது என்று நடுவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதை ஆனந்தமேரி வருடம் முழுக்க மறக்கவில்லை.

இன்று தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"என்னங்க, அந்தப் பெரிய கல்லு அப்படியே மல மாதிரி இருக்குல்ல?"

14.12.2006

பேச்சுவார்த்தை முடிந்தது. பெரிய கல் தொட்டியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது, மீனுக்குத் திரும்ப இடமில்லை. அடிப்பக்கம் வெளிச்சம் படாமல் அழுகவும் ஆரம்பித்துவிட்டது. பொத்தான்தான் சின்னக் கல்லில் இருக்கிறதே. எனவே பெத்லகேமுக்குக் கொடுக்கச் சம்மதித்தேன்.

"கவிச்சி அடிக்குமே. அத எப்படிப் போக்குறது?"

"கொதிக்க வச்சா தோலு உரிஞ்சு வந்துரும்."

"அந்தப் பொண்ணு வெசம் கிசம்னுச்சே?"

"அது பாலித்தோவாவுக்கு. இது சோவாந்தஸ். மேல எழுதி ஒட்டியிருக்குல்ல, படிக்கத் தெரியும்ல ஒனக்கு?"

அப்படியே இதே வார்த்தைகளில் சொன்னேன்.

16.12.2006, சனி

மத்தியானம் ஆனந்தமேரி பெரிய அலுமினியச் சட்டியில் கல்லைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். கொசுவுக்காக அடுப்படி ஜன்னல் பகலிலும் சாத்தித்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கொதித்தது. கரண்டியால் தோலைச் சுரண்டியபடி ஆவியில் நின்றாள். நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். கண் எரிந்தது, திரும்பி வந்துவிட்டேன். கல் நன்றாக வெளுத்து வந்திருக்கிறது.

சாயங்காலம் காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். வாயில் இரும்பு ஆணியைப் போட்டு உறிஞ்சுகிற மாதிரிக் கசக்கிறதாம். எட்டு மணிக்குக் குளிர் நடுக்கம். மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடுகிறது. விடாத இருமல்.

17.12.2006, ஞாயிறு

தெருக்கோடி டாக்டர் நாடியைப் பிடிக்கும்போதே சொல்லிவிட்டார், சிக்குன்குனியா. இன்று மட்டும் இவள் பதினோராவது ஆள். ஊசி போட்டார். ஜெரோம் நிலவேம்புக் கசாயத்தோடு வந்தான்.

உடம்பு முழுக்க வலி, காய்ச்சல். சிக்குன்குனியாவுக்கும் அப்படித்தானே? அப்படித்தான்.

கசாயத்தைக் குடித்தவள் சொன்னாள், "இது கசக்கவே இல்லையே. அந்த ஆணிக் கசப்புதான் இருக்கு." ஜெரோம் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதே நாள், பிறகு

எல்லாருக்கும் சிக்குன்குனியா வருகிறது. இவளுக்கு மட்டும் வரக்கூடாதா? வந்த பத்துப் பேரில் யார் இப்படி இருமினார்கள்? யாரும் இருமவில்லை. முட்டி வலி என்றார்கள், மூச்சு விட முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. இவளுக்கு நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறதாம். கல் என்ற வார்த்தையை வேறு சொல்கிறாள்.

கொசுவாகவே இருக்கட்டும். ஆண்டவரே, கொசுவாகவே இருக்கட்டும். கொசு என்றால் என்மேல் தப்பு இல்லை.

இப்படி எழுதியதை இப்போது படித்துப் பார்க்கிறேன். நான் எப்படிப்பட்ட ஆள்?

18.12.2006, திங்கள்

விடிந்ததும் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஜெரோமை ஆட்டோ பிடிக்க அனுப்பினேன். அவன் வருவதற்குள் பட்டறைக்குள் போனேன். கையுறை போட்டேன். தொட்டியிலிருந்து சின்னக் கல்லை எடுத்தேன். இந்த முறை ஓரத்தில் தேடவில்லை. நடுவில், மீரான் கொண்டுவந்த அன்றே இருந்த தடித்த பழைய பொத்தானைப் பிடுங்கிக் கத்தியை வைத்தேன்.

நறநற.

ஒரு தடவைதான் வெட்டினேன். அந்தச் சத்தம் போதும். பிளாஸ்டர் அச்சில் கத்தி இறங்குகிற சத்தம், இருபது வருடமாகக் கேட்கிற சத்தம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சதைக்குள் மணல் மணலாக மின்னுகிறது. கடல் மணல். நான் அன்றைக்கு வெட்டியது என் தொட்டியில் பிறந்த குட்டி. அது ஜென்மத்தில் மணலைப் பார்த்ததில்லை. நான்தான் தொட்டியில் மணலே போடவில்லையே. இல்லாத மணலை அது எங்கே போய்த் தின்னும்? அட முட்டாப் பயலே. அட சூசைராஜு. பெருச வெட்ட மனசு வரலையாம், பெரிய தர்மவான்—

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஆஸ்பத்திரி. டியூட்டியில் சைதூன் என்ற இளம் டாக்டர். வாசலில் ஏற்கெனவே இருபது பேர் முட்டியைப் பிடித்தபடி. ஜெரோம் "சிக்குன்குனியா மேடம்" என்று ஆரம்பித்தான்.

"இல்ல," என்றேன். "இது சிக்குன்குனியா இல்ல. விஷ ஆவி. நான்தான் கொதிக்க வைக்கச் சொன்னேன்."

ஜெரோம் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. "என்ன பொருள்? பேர எழுதிக் குடுங்க." பேனாவை வாங்கினேன். பா-லி-த்-தோ-வா. எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் நான் சொல்ல மறுத்த பெயர்.

டீச்சருக்குப் போன் போட்டேன். "எத்தனை வெட்டுனீங்க?" என்று இப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் காகிதங்களோடு வந்து நின்றார். இரண்டு பெண்களும் தாழ்வாரத்தில் நின்று படித்துப் பேசினார்கள். முறிவு மருந்து என்று ஒன்று கிடையாதாம். மூச்சுக்கும் இதயத்துக்கும் பக்கத்திலேயே இருந்து துணை செய்ய வேண்டுமாம், தசை கெடுகிறதா என்று இரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள்.

"கொசுக் காய்ச்சல்னு சொல்லிட்டுப் போயிருந்தா மாத்திர குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்," என்றார் டாக்டர். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

19.12.2006

அதே நிலை. என் கண் எரிந்ததும் அதே ஆவியால்தானாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டிப் பார்த்தவனுக்கு எட்டிப் பார்த்த அளவு, நின்றவளுக்கு நின்ற அளவு.

20.12.2006

எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு நிதானத்துக்கு வந்துவிட்டது. இருமல் மிச்சம் இருக்கிறது. பயப்பட வேண்டாம் என்று சைதூன் டாக்டர் சொன்னபோது அவர் காலில் விழப் போனேன், ஸ்டெதாஸ்கோப்பால் தடுத்துவிட்டார்.

ஆனந்தமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறால் தின்றதை, சளியை, ஓரத்தில் கிள்ளிய குட்டியை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சந்தேகம் இருந்ததையும், வாயைத் திறக்காமல் இருந்ததையும். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"கல்லு கொதிக்கும்போது ஒங்களுக்குத் தெரியாது. சரி. ஞாயித்துக்கெழம தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"நான் மூச்சு விட மாட்டாமக் கெடந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

22.12.2006

வீட்டுக்கு வந்தாயிற்று. என்னோடு பேசவில்லை.

23.12.2006

டீச்சர் வந்து சின்னக் கல்லை வாளித் தண்ணீரோடு மூடி எடுத்துப் போனார். கொதித்த கல்லையும் சட்டியையும் அவர் சொன்ன முறையில் ஒழித்தேன். தொட்டி மேல் ஒட்டியிருந்த பெயரைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். நான் செய்த அக்ரிலிக் வேலை, லேசில் வரவில்லை. கண்ணாடியில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

25.12.2006

ஜெரோம் சாக்குத் துணியில் மலை செய்து குடில் வைத்தான். ஆறுதல் பரிசு. பால்காரர் இந்த வருடம் இரண்டு கன்றுக்குட்டி.

கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

28.12.2006

சமையல் என் பொறுப்பு. அவளுக்கு நின்று வேலை செய்யத் தெம்பு இல்லை, ருசியும் தெரியவில்லை. எதைத் தின்றாலும் இரும்புதானாம். இதுவும் ஜெரோம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அக்கா வாய்க்கு மண்ணத் தின்னாலும் ஒண்ணுதானாம் மச்சான்." எப்போது திரும்பும் என்று டாக்டரிடம் கேட்டேன். நாளாகும், பொறுங்கள் என்றார்.

எனக்கு மாவைக் குழைத்துப் பல்லில் வைக்கத் தெரியும், பதம் பார்த்து மெழுகு உருக்கத் தெரியும். அதே மாதிரிதானே குழம்பும் என்று நினைத்தேன். அதே மாதிரி இல்லை.

வைத்ததைப் போடுகிறேன். மறுபேச்சில்லாமல் தின்கிறாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

1.1.2007

என்னைத் தவிர எல்லாரோடும் பேசுகிறாள். கோமாளி மீன்களோடுகூடப் பேசுகிறாள். "என்னப்பு, பசிக்குதா?" என்று கேட்டுத் தீனி போடுகிறாள். இரண்டு வருடமாக ஒருநாள்கூடத் தீனி போடாதவள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மீனாகப் பிறந்திருக்கலாம்.

4.1.2007

டீச்சர் போன் செய்தார். கல்லூரியில் மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களாம். பாலித்தோவாதான், சந்தேகம் இல்லை.

"பாலித்தோவாவுல எந்த இனம் டீச்சர்?"

"தெரியல சார். உறுதியா சொல்ல முடியாது."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! குரலில் ஒரு வெட்கமும் இல்லை. அந்த நான்காவது ஆளும் செப்டம்பரிலேயே இதைத்தான் எழுதியிருந்தான், நான் கிண்டல் செய்தேன். தெரியாது என்கிற ஒரு வார்த்தையை அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் ஆனந்தமேரி ஜன்னலையாவது திறந்து வைத்திருப்பாள்.

6.1.2007

இப்படியே இருந்துவிடுவாளோ?

7.1.2007, ஞாயிறு

மத்தியானம் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய். வழக்கம் போலத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். முதல் வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். தட்டையே பார்த்தாள். குழம்பை விரலால் தொட்டு மறுபடி நாக்கில் வைத்தாள்.

"என்ன கண்றாவி இது?"

கரண்டியோடு திரும்பினேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பும் இல்ல, புளியும் இல்ல, ஒரு எழவும் இல்ல. அவரக்கா தீஞ்சு போய்க் கெடக்கு. இம்புட்டு நாளா இதத்தான் எனக்குப் போட்டீங்களா?"

"தெரியுதா மேரி?"

"தெரியாம என்ன, தீஞ்ச வாட தெருவுக்கே அடிக்குது. மனுசன் திம்பானா இத? ஒரு பொண்டாட்டி நாக்குச் செத்துக் கெடந்தா என்ன வேணும்னாலும் போடலாம்னு நெனச்சுட்டீங்களா? மொளகாத்தூளு எம்புட்டுப் போட்டீங்க? தாளிச்சீங்களா இல்லையா?"

பதினெட்டு நாளைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வார்த்தைகள். மிளகாய்த்தூள் எவ்வளவு போட்டேன் என்று தெரியாது. தெரியாது என்று சொன்னேன். ரசத்தையும் கொண்டுவரச் சொன்னாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அதையும் திட்டினாள், என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள், பல் கட்டுகிற கையால் குழம்பு வைத்தால் இப்படித்தான் சிமெண்டு மாதிரி இருக்கும் என்றாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்கும் திட்டினாள்.